ஜெய்சங்கரின் ஆயுதம்

மனித குலம் இதுவரை தொட்ட சக்திகளிலேயே மகத்தானதும் பயங்கரமானதும் கதிர்வீச்சுதான். அதற்குக் காவல் நிற்கிறவனே இந்த யுகத்தின் அக்கினிஹோத்திரி. அவன் கண்ணயர்ந்தால் ஊர் இல்லை, அவன் விழித்திருந்தால் உலகுக்குக் குறை இல்லை.

இப்படிச் சொல்லிவிட்டு ஜெய்சங்கர் கைதட்டலுக்காக நிறுத்தினார். அந்த இடைவெளியில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா மேடையை மோட்டார் அறைக்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர், வீட்டுக் குழாயை மூடிவிட்டு வந்தோமா என்ற கவலையில் ஆழ்ந்தார்கள். மீதிப் பேர் சர்க்கரைப் பொங்கல் அண்டா வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரீரங்கராஜன் மட்டும் எழுந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஸ்வாமி, ஒரு சின்ன விண்ணப்பம். ஆத்துல மாட்டுப்பொண் மைக்ரோவேவ் வாங்கி வெச்சிருக்கா. அதுல பால் காய்ச்சினா இந்தக் கதிர் ஏறிடுமோ? பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலாமோ?"

"அது வேற, இது வேற சார். அது சும்மா சூடு பண்ணும், அவ்வளவுதான். நான் சொல்றது அணுவுக்குள்ள பூந்து எலக்ட்ரானையே பிடுங்கி எறியற கதிர். புத்துநோயைச் சுட்டுக் கொல்றதும் அதுதான், அளவு தப்பினா புத்துநோயைக் கொண்டுவரதும் அதுதான்."

"அப்போ பாலுக்கு தோஷமில்லே," என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

"அறிந்தவன் அஞ்சமாட்டான்!" என்று ஜெய்சங்கர் முடித்தார். முன்வரிசையில் அவர் மனைவி சித்ராதேவி கொட்டாவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜெய்சங்கரின் பதவி கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர். துவாக்குடித் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு வெல்டிங் சோதனை நிறுவனத்தில் வேலை. சுற்றியுள்ள பட்டறைகள் கொதிகலனுக்கான குழாய்களை ஒட்டி ஒட்டித் தள்ளும். ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. என்றைக்காவது நீராவி அழுத்தத்தில் வெடித்து ஆளைக் கொண்டுபோகும்போதுதான் தெரியும். ஆகவே மருத்துவமனையில் எலும்புக்குப் படம் எடுப்பதுபோல இரும்புக்கும் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கேமரா. கேமரா என்று பெயரே ஒழிய, அது கைப்பிடி வைத்த மஞ்சள் பெட்டி. உள்ளே பென்சில் முனை அளவுக்கு இரிடியம். தூர நின்று கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கம்பிவடத்தின் நுனியில் அது வெளியே வரும், படம் பிடிக்கும், திரும்பிப் பெட்டிக்குள் போகும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும் என்பார்கள். ஜெய்சங்கர் தூக்கிப் பார்த்ததில்லை.

அவருடைய வேலை அறைக்குள். சுற்றறிக்கை எழுதுவது, பயிற்சி வகுப்பு எடுப்பது, எச்சரிக்கைப் பலகைகளில் எழுத்துப் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் சட்டைப் பையில் பேட்ஜ் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பேட்ஜைக் கேமராவோடு வேலை செய்யும் எல்லோருமே குத்திக்கொள்ள வேண்டும். மேலே ஆளின் புகைப்படமும் பெயரும் இருக்கும், உள்ளே இருக்கும் அட்டை உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். ஜெய்சங்கருக்கு எப்போதும் பூஜ்யம்தான் வரும். அதைப் பாதுகாப்பின் வெற்றி என்று அவர் மேடையில் சொல்வார். கேமராவை இயக்கும் பிலோமின்ராஜ் அதை ஏசி அறையின் வெற்றி என்று டீக்கடையில் சொல்வார்.

ஆண்டு விழா முடிந்து அலுவலகம் போன அன்று காலை, பேட்ஜ் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் கலைமதி கதவைத் தட்டினாள். வழக்கமாகத் தட்டாமல் வருகிறவள்.

"சார், பேட்ஜ் ரிசல்ட் மெயில்ல வந்துருக்கு."

"எல்லாம் நார்மல்தானேம்மா?"

"மத்தவங்களுக்கெல்லாம் நார்மல் சார்."

"மத்தவங்களுக்கா?"

"உங்களுக்கு நாப்பத்தொண்ணு சார். மில்லிசீவர்ட்."

ஒரு ஆள் வருஷம் முழுக்க வாங்கினாலும் முப்பதைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை வகுப்பில் சிவப்பு மையில் எழுதிக் காட்டுகிறவர் அவர்தான். கலைமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அறிந்தவன் அஞ்சமாட்டான் என்று சொன்னவர் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். வெளுத்திருப்பதுபோல் இருந்தது. தலைமயிரைக் கோதினார், கையோடு இரண்டு முடி வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் தினமும் வருகிற முடிதான், ஆனால் இன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம் இருந்தது. எப்போது, எங்கே, எப்படிப் பட்டிருக்கும்? கேமரா இருக்கும் பக்கமே போகாதவனை அது எப்படித் தேடி வந்தது? பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குக் கை போயிற்று. பேட்ஜின் விளிம்பில் கட்டைவிரல் நகம் எதிலோ இடறியது. சுரண்டிப் பார்த்தார். குங்குமம்.

கதவுத் தாழைச் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

போன வருஷத்து ஆயுத பூஜை. அதற்கு முந்தைய வருஷமே அவர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். கேமராவை வைக்கும் குழிக்குள் சூடம், சாம்பிராணி, மாலை, பொட்டு எதுவும் கூடாது. 'அணுவுக்கு அர்ச்சனை தேவையில்லை. அறிவே அதற்கு ஆராதனை' என்று முடித்திருந்தார். அந்த வாசகத்தை அவரே சட்டம் போட்டு மாட்டினார். போன வருஷமும் அதையே மறுபடி சுற்றுக்கு விட்டார். ஆயினும் பூஜை நாளன்று காலை எங்கு பார்த்தாலும் ஆயுதம். டிரைவர் ராமர் வேனுக்கு வாழைக்கன்று கட்டினார். கலைமதி கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தாள். காவலாளி தன் விசிலுக்கே சந்தனம் தடவினார். வீட்டிலிருந்து கிளம்பும்போது சித்ராதேவியும் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "எல்லாரும் அவங்கவங்க ஆயுதத்தை வெச்சுக் கும்புடுவாங்க. நீங்க எதைங்க வெப்பீங்க?"

அந்தக் கேள்வி அன்றெல்லாம் அவரைக் குடைந்தது. மத்தியானம் எல்லோரும் பொரி கடலையோடு கிளம்பிய பிறகு, சுற்றறிக்கை மீறப்படவில்லை என்பதை உறுதிசெய்ய ஜெய்சங்கர் குழி இருந்த அறைக்குப் போனார். அவரிடம் ஒரு சாவி, பிலோமின்ராஜிடம் ஒரு சாவி. இரும்பு மூடியைத் தூக்கினால் மஞ்சள் பெட்டி சேவந்தி மாலையோடு, எலுமிச்சம்பழத்தோடு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. ரௌத்திரம் வரவேண்டிய இடம். அவருக்குப் பொறாமை வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பேட்ஜைக் கழற்றினார். பெட்டியின் தலையில் வைத்தார். அங்கே கிடந்த குங்குமத்தை எடுத்துத் தன் புகைப்படத்தின் நெற்றியில், ஒரு பொட்டு.

பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்பது வழக்கம். விஜயதசமி போக, வெள்ளிக்கிழமையும் விடுமுறையாகி, சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. திங்கள் காலை அலுவலகத்தில் யாரையும் காணாத நேரத்தில் வந்து எடுத்து, துடைத்து, நெஞ்சில் குத்திக்கொண்டார். பெட்டிக்கு எவ்வளவு கனத்த கவசம் இருந்தாலும் அதன் மேல்பரப்பில் கொஞ்சம் கதிர் கசிந்துகொண்டேயிருக்கும், ஆகவே அதை அணைத்துக்கொண்டு நிற்காதீர்கள் என்பது அவருடைய வகுப்பின் முதல் பாடம். அத்தனை நாளும் அவருடைய பேட்ஜ் அதை அணைத்துக்கொண்டுதான் கிடந்தது.

ஆக, அவர் உடம்பில் ஒன்றும் படவில்லை. பூஜ்யம். தாழைத் திறந்து வெளியே வந்தால், உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வெட்கப்பட்டால் முடிந்துபோகிற விஷயம்.

அறை வாசலில் முதலாளியின் மகன் அரவிந்தன் நின்றிருந்தான். இப்போது நிர்வாகம் அவனுடையது.

"சார்! கலைமதி சொன்னாங்க. நாப்பத்தொண்ணா? திருவெறும்பூர்லயா சார்? அன்னைக்கு நீங்க உள்ள போனீங்களா?"

நவம்பரில் திருவெறும்பூர்ப் பட்டறை ஒன்றில் கம்பிவடம் சிக்கிக்கொண்டு இரிடியம் பெட்டிக்குள் திரும்பாமல் நின்றது. பிலோமின்ராஜும் அவருடைய உதவியாளன் ஜைதும் ஈயக்குண்டுப் பைகளைப் போட்டு மூடி, ஆளுக்குச் சில விநாடி என்று மாறி மாறிப் போய் அதை உள்ளே தள்ளினார்கள். ஜெய்சங்கர் காரில் வந்து எச்சரிக்கைக் கயிற்றுக்கு வெளியே நின்று, டீ குடித்துக்கொண்டே "நிதானமா, நிதானமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி."

"ஐயோ சார்! யார்கிட்டயும் சொல்லவே இல்லையே!"

"சொல்லிக் காட்டற விஷயமா அது?"

இந்த இரண்டு வாக்கியத்திலும் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதைப் பிற்பாடு அவர் பல தடவை சரிபார்த்துக்கொண்டார். அரவிந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் சாருக்குப் 'பாதுகாப்புச் சுடர்' என்று ஒரு பட்டமும் சால்வையும் கொடுப்பதென்று அங்கேயே தீர்மானமாயிற்று.

வீட்டில் சித்ராதேவி மட்டும் மசியவில்லை.

"நீங்கதானே அன்னைக்கு வந்து, அந்தக் கடையில டீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"டீ குடிச்சா உள்ள போகக் கூடாதா?"

"தோசை மாத்தற கரண்டி சுட்டாலே ரெண்டு நாள் சொல்லிக்கிட்டு இருப்பீங்க. இதைச் சொல்லாமலா இருந்திருப்பீங்க?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கம் திரும்பவேயில்லை.

தியாகம் என்பது வெளியிலிருந்து பார்க்கும்போது இருக்கும் அழகு உள்ளே இருந்து பார்க்கையில் இருப்பதில்லை. செய்தி லிஃப்ட் வழியாக மாடி மாடியாக ஏறியது. மறுநாள் அவர் லிஃப்டில் நுழைந்தபோது உள்ளே இருந்த மூன்று பேருக்கும் திடீரென்று படியேறுவது உடம்புக்கு நல்லது என்று தோன்றிவிட்டது. எதிர்வீட்டில் அவர் கைபட்ட பேப்பரை இடுக்கியால் எடுத்தார்கள். கதிர் பட்டவன் கதிரை வீச மாட்டான், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவன் எக்ஸ்ரே மெஷின் ஆகிவிட மாட்டான் என்று அவர் விளக்கிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள், நான்கடி தள்ளி நின்று.

ஸ்ரீரங்கராஜன் கையில் ஒரு சொம்போடு வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"தாயார் சன்னிதித் தீர்த்தம். ஸ்வீகரிக்கணும். தேவரீர் பண்ணினது சாமான்ய கைங்கர்யமா? அந்தத் தேஜஸ் முகத்துலயே தெரியறதே."

"தேஜஸா?"

"ஒரு பளபளப்பு. சொம்பை அப்படியே வாசல்லயே வெச்சுடுங்கோ, திருப்பித் தரணும்னு இல்லே."

அது தேஜஸ் இல்லை, வியர்வை. மாசி மாதத்து இளவெயிலில் அவருக்கு வியர்த்துக்கொண்டேயிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கொள்ளிடக் கரை வரைக்கும் ஸ்கூட்டரில் போவார், எதற்கு வந்தோம் என்று திரும்புவார். குரோமோசோம் சோதனைக்கென்று ரத்தம் வேறு எடுத்துப் போயிருந்தார்கள், முடிவு வர மாதக்கணக்காகும். கதிர் பட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும், படவில்லை என்றாலும் அது காட்டிக்கொடுக்கும். தனக்கு ஒன்றுமில்லை என்று திட்டவட்டமாகத் தெரிந்த ஒரு மனிதர், சாப்பிட்டது செரிக்காமல், ராத்திரி தூங்காமல், சீப்பில் முடியை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவேளை தனக்கு நிஜமாகவே ஏதாவது பட்டிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று ஒரு தடவை நினைத்து, அந்த நினைப்புக்குப் பயந்து முகம் கழுவினார்.

அடுத்த வாரம் பிலோமின்ராஜ் அவர் அறைக்கு வந்தார். எடமலைப்பட்டி புதூர்க்காரர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், மும்பைல இருக்கற கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேருந்து மெயில் வந்துருக்காம். கலைமதி காட்டுச்சு. கயித்துக்கு அந்தாண்ட நின்ன உங்களுக்கே நாப்பத்தொண்ணுன்னா, கிட்ட நின்ன எனக்கு அதைவிட நிறைய வந்திருக்கணும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துருக்கு. அப்ப நான் பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டு வேலை பார்த்திருக்கேன்னு முடிவு பண்றாங்க சார். விசாரணையில அப்படியே எழுதிட்டா என் சர்ட்டிபிகேட்டு போயிரும். இந்தியாவுல எங்கயும் கேமராவைத் தொட முடியாது."

தூரம் கூடக்கூடக் கதிர் குறையும் என்பது ஜெய்சங்கரின் வகுப்பில் இரண்டாவது பாடம். தான் எடுத்து வைத்த ஒரு சிறிய பெருமை, இயற்பியலின் வழியே நடந்து போய் இந்த ஆளின் கழுத்தில் உட்காரும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"கவலைப்படாதீங்க பிலோமின். கதிருக்கு எல்லை கிடையாது. அது யாரை எப்ப எப்படித் தொடும்னு யாராலயும்…"

"எல்லை இருக்கு சார். நாமதானே அளந்து கயிறு கட்டுறோம்." பிலோமின்ராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குப் படியிறங்கக் கை நீட்டுவதுபோல், "பேட்ஜை மறந்து வேற எங்கயாச்சும் வெச்சிருந்தீங்களா சார்? யாருக்கும் வர்றதுதான். வெச்சிருந்தா சொல்லிடலாம். ஒண்ணும் தப்பில்ல," என்றார்.

அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். ஜெய்சங்கர் சுவரைப் பார்த்தார். 'அணுவுக்கு அர்ச்சனை தேவையில்லை' சட்டத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது.

"என் நெஞ்சை விட்டு அது அகன்றதே இல்லை, பிலோமின்."

"சரிங்க சார். போயிட்டு வரேன்," என்று பிலோமின்ராஜ் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். ஓங்கிச் சாத்தியிருந்தால் ஜெய்சங்கருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டை அம்மன் பேர், நம்ம ஊர்ப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஜெய்சங்கருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"திருச்சிங்களா மேடம்?"

"ஆமாங்க சார், உறையூர். கயிறு எங்க?"

தெம்பு போயிற்று. அந்தம்மா எல்லோரையும் வேனில் ஏற்றித் திருவெறும்பூர்ப் பட்டறைக்கே அழைத்துப் போனார். அன்றைக்கு யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நிற்க வேண்டும். கேமரா இருந்த இடத்தில் ஒரு காலிப் பெயின்ட் டப்பா வைக்கப்பட்டது. பிலோமின்ராஜும் ஜைதும் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். அரவிந்தன், ராமர், கலைமதி எல்லோரும் ஓரமாக. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க?"

ஜெய்சங்கர் கயிற்றை ஒட்டி நின்றார். மட்டுவார்குழலி போனில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"இங்க நின்னு நாப்பத்தொண்ணு வாங்கணும்னா, சார், அன்னைலேருந்து நீங்க வீட்டுக்கே போயிருக்கக் கூடாது. ஆடிப்பெருக்குக்குத்தான் அம்மா மண்டபம் போய்ச் சேர முடியும்."

ஜைத் இருமுவதுபோல் சிரித்தான். ஜெய்சங்கர் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார்.

"இங்க நின்னிருப்பேன்னு நினைக்கறேன்."

"இங்கன்னா ரெண்டு நாள் ஆகும் சார்."

இன்னும் கொஞ்சம் போனார். "இன்னும்," என்றார் அந்தம்மா. இன்னும். ஒவ்வொரு எட்டும் முந்தையதைவிடப் பெரிய பொய்யாக இருந்தது. திரும்பிப் போகவும் வழியில்லை. கடைசியில் பெயின்ட் டப்பா காலில் இடிக்கிற இடத்தில், பிலோமின்ராஜுக்கும் டப்பாவுக்கும் நடுவில், குறுக்கே வந்த மாடுபோல் நின்றார்.

"சரி, இப்பக் கணக்கு சரியா வருது. பிலோமின்ராஜ், சார் அன்னைக்கு உங்க மூக்குக்கு முன்னாடி நின்னிருக்காரு. பாத்தீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பிலோமின்ராஜ் ஜெய்சங்கரின் முகத்தைப் பார்த்தார். அது எண்ணெய் வழிந்து, சால்வைக்கு ஏற்ற முகமாகவே இல்லை.

"நான் குனிஞ்சு வேலை பாத்துட்டு இருந்தேன் மேடம். கவனிக்கல."

"அப்ப பேட்ஜ் போடாமத்தான் வேலை பார்த்திருக்கீங்க. வேற வழியில்ல. கழட்டிக் குடுங்க."

பிலோமின்ராஜ் சட்டைப் பையில் ஊக்கைத் தேடினார். விரல் வழுக்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு முன்னால் ஜெய்சங்கரின் வாயிலிருந்து அவரே எதிர்பாராத ஒரு சத்தம் வந்தது.

"வேண்டாம்!"

எல்லோரும் திரும்பினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார். நடுங்கினாலும் குரல் பழகிய மேடைக்குப் போய் ஏறிக்கொண்டது.

"மேடம், நான் ஒரு மாபெரும் உண்மையைச் சொல்லியாகணும். இந்தப் பூமியில எனக்கும் அந்த ரங்கநாதனுக்கும் மட்டுமே தெரிஞ்ச உண்மை. இத்தனை காலமும் நெஞ்சுக்குள்ள பூட்டி வெச்சிருந்தேன். இன்னைக்கு என் மானமே போனாலும் சரி…"

சொன்னார். குழி, மாலை, பொட்டு, விடுமுறை, எல்லாவற்றையும். ஒரு பெரிய திகைப்பை எதிர்பார்த்து நிறுத்தினார். அரவிந்தன் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றான். ராமர் காதைக் குடைந்தார். ஜைத் வானத்தைப் பார்த்தான். கலைமதி செருப்பு நுனியால் மண்ணில் கோடு போட்டாள்.

"எதுக்கு சார் வெச்சீங்க?" என்றார் மட்டுவார்குழலி.

மேடைக் குரல் அவரைக் கைவிட்டது. "எல்லாருக்கும் வைக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருந்துச்சு மேடம்."

அந்தம்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் நம்பலாம். ஆனா மும்பையில கேப்பாங்க. கூட வேலை செய்யறவரைக் காப்பாத்த நீங்க கதை கட்டறீங்கன்னு சொல்லுவாங்க. நீங்க வெச்சதை யாராவது பாத்தாங்களா? இல்லேன்னா பிலோமின்ராஜ் பேட்ஜை நான் வாங்கித்தான் ஆகணும்," என்றார்.

"யாரும் பாக்கல மேடம். ஒருத்தர்கூடப் பாக்கல," என்றார் ஜெய்சங்கர், அழாக்குறையாக.

கலைமதி பிலோமின்ராஜைப் பார்த்தாள். பிலோமின்ராஜ் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார். அவள் கேட்கவில்லை.

"மேடம், பாத்தோம். திங்கக்கிழமை காலைல நாங்கதான் மொதல்ல குழியைத் திறந்தோம். மேல சார் பேட்ஜ், பொட்டோட. நான் எடுக்கப் போனேன். பிலோமின் அண்ணன்தான், சார் ரகசியமா வெச்சிருக்காரு, நாம எடுத்தா அவருக்குச் சங்கடமாயிரும், மூடுங்கன்னு சொல்லிட்டாங்க. சார் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் எல்லாரும் டீக்கடையிலயே நின்னோம். பேட்ஜ்ல கதிர் ஏறியிருக்கும்னு எங்களுக்கும் தெரியும். குழியில மாலை போட்டது நாங்கதானே, சொன்னா எல்லாருக்கும் வேலை போயிருமேன்னு வாயைத் திறக்கல."

"அத்தாட்சி?"

கலைமதி போனை நீட்டினாள். மட்டுவார்குழலி வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துப் பார்த்தார். வாடிய சேவந்தி மாலை, சுருங்கிய எலுமிச்சம்பழம், மஞ்சள் பெட்டியின் உச்சியில் பேட்ஜ். பேட்ஜுக்குள் ஜெய்சங்கர், நெற்றி நிறையக் குங்குமத்தோடு கம்பீரமாக.

"தேதி இருக்கு. போதும். பிலோமின்ராஜ், உங்க பேட்ஜைக் குத்திக்கோங்க." உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். "இது எதுல போட்டிருக்கீங்க?"

"எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்போட முகப்புப் படம் மேடம். அன்னைக்கு வெச்சது. இன்னும் மாத்தல."

ஜெய்சங்கர் தன் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளித் தேடினார். "எந்த குரூப்பு?" என்றார்.

அந்தக் குழுவில் காவலாளி இருந்தார், டீக்கடைக்காரர்கூட இருந்தார். ஜெய்சங்கரை யாரும் சேர்த்திருக்கவில்லை.